வணிகர் சங்கத்தில் கோரிக்கை எழுப்பினால் அது அரசியலா?

அச்சகத்துக்காரர்:
எங்கள் சிறு வணிகர் சங்கம் மாதம் ஒருமுறை கூடுகிறது. முகவரி அட்டைகளை மாற்றிக்கொள்கிறோம், வாடிக்கையாளர்களை ஒருவருக்கொருவர் அனுப்பிவைக்கிறோம். பெரிய நிறுவனங்கள் பில் தொகையை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது குறித்துச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்கலாம் என்றேன். "இங்கே அரசியல் வேண்டாம்" என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு மனம் ஆறவில்லை.

தையலகம் நடத்துபவர்:
நானாக இருந்தாலும் எழுந்திருப்பேன் ஐயா. முன்பு நான் இருந்த சங்கத்தின் தலைவர் ஒரு வேட்பாளருக்காக மேடையேறி வாக்குக் கேட்டார். சங்கம் இரண்டாக உடைந்தது. அதுவரை எனக்கு வேலை தந்துகொண்டிருந்த இருவர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அந்த இழப்பை யார் ஈடுகட்டுவது?

அச்சகத்துக்காரர்:
கட்சி வேறு, கோரிக்கை வேறு அம்மா. இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையை எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளிப்போடக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் 60 நாள் வரம்பு வைத்தது. கேட்பவரே இல்லாமல் இப்படி ஒரு விதி சட்டத்தில் ஏறுமா?

கணக்கர்:
ஏறும், பிறகு அங்கேயே தூங்கும். ஐரோப்பிய விதியில், இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால், அப்பட்டமான அநியாயமாக இல்லாதவரை, 60 நாளைத் தாண்டலாம். பெரியவர் நீட்டும் தாளில் கையெழுத்திட மறுக்கச் சிறியவரால் முடியுமா? அமெரிக்காவில் 1936-இல் ராபின்சன்-பாட்மன் சட்டம் வந்தது. பெரிய சங்கிலிக் கடைகள் மட்டும் தனிச் சலுகை விலையில் சரக்கு வாங்குவதைத் தடுக்கச் சிறு கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் போராடிப் பெற்ற சட்டம் அது. 1980-களுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் அரசு அதை அநேகமாகக் கையில் எடுக்கவே இல்லை. வட்டி கேட்டு வழக்குப் போட்டவருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்காது. என் மேசைக்கு வரும் கணக்குகளில் இதைத்தான் பார்க்கிறேன்.

பேக்கரி உரிமையாளர்:
சட்டம் தூங்கியதற்குக் காரணம், கேட்டவர்கள் சட்டம் கிடைத்ததும் கலைந்துபோவதுதான் என்று நினைக்கிறேன். பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965-இலேயே சொன்னார்: பயன் எல்லாருக்கும் பொது என்றால், பெரிய கூட்டத்தில் தனியொருவர் அதற்காக உழைக்க முன்வருவது அரிது. உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கும் தனிப் பயன் ஒன்று வேண்டும். அட்டை மாற்றுவதும் ஆர்டர் பகிர்வதும் அந்தப் பயன்தான். அதற்காக மாதாமாதம் வருகிறவர்கள் இருந்தால்தான், கொடுத்த மனு என்ன ஆனது என்று மூன்றாம் ஆண்டிலும் போய்க் கேட்க ஆள் இருக்கும்.

அச்சகத்துக்காரர்:
கணக்கருக்கு ஒன்று. அதே ஐரோப்பிய விதி, அநியாயமான ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து வணிகர் அமைப்புகளே நீதிமன்றம் போகவும் இடம் தருகிறது. ஆர்டர் போய்விடுமோ என்று அஞ்சும் தனி வணிகர் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

கணக்கர்:
அப்படியானால் மனுவில் முதலில் அதைக் கேளுங்கள். நாள் வரம்பை அடுத்து வையுங்கள்.

தையலகம் நடத்துபவர்:
வரைவை அனுப்புங்கள் ஐயா. தேர்தல் முடிந்த பிறகு கொடுப்பதாக இருந்தால் கையெழுத்திடுகிறேன். ஒரு கட்சியின் பெயர் அதில் இருந்தாலும் மாட்டேன்.