டர்னிப் போட்ட வெள்ளிக்காசை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் மலைக்கோட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஒரு கிழங்கு செதுக்கியிருக்கும். முதலில் நான் நூக்கல் என்று நினைத்தேன். டர்னிப்பாம். பேராயர் லியோன்ஹார்ட் கொய்ட்சாக்கின் குடும்பச் சின்னம். 1495 முதல் 1519 வரை சால்ஸ்பர்க்கில் பூசைக்கும் அவர்தான் தலைவர், வரிக்கும் அவர்தான். காசும் அவர் பெயரில்தான். கஸ்டைன், ரவுரிஸ் பக்கத்துச் சுரங்கங்களில் பொன்னும் வெள்ளியும் எடுத்தார்கள், அதனால் காசுக்குப் பஞ்சமில்லை.

கோட்டையிலிருந்து இறங்கி ஒரு பழைய நாணயக் கடைக்குள் நுழைந்தேன். டர்னிப் உள்ள காசு இருக்கிறதா என்றதும் கடைக்காரர் பாட்சன் என்ற சின்ன வெள்ளிக்காசு ஒன்றை எடுத்து வைத்தார். மெல்லிய வெள்ளி, ஓரம் கொஞ்சம் நெளிந்திருந்தது. லென்ஸில் பார்த்தால் கேடயத்துக்குள் கிழங்கும் இலையும் பளிச்சென்று தெரிந்தன. பெரிய காசு, 1504 போட்டது, இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அருங்காட்சியகம் இருக்கும் திசையைக் கையால் காட்டினார்!

- - -

நீங்கள் தேடிய அந்த 1504 காசு எனக்கு ஒரு சந்தையில் கிடைத்தது. அதாவது, கிடைத்ததாக நினைத்தேன். சொன்ன விலை ஒரு நல்ல கைபேசி விலை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து விளிம்பை விளக்கில் காட்டினால் சுற்றிலும் ஒரு கோடு ஓடுகிறது. இரண்டு பாதி அச்சில் உருக்கி ஊற்றிய வேலை. எழுத்துகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குமிழிப் பள்ளங்கள் வேறு. அச்சால் அடித்த காசில் இதெல்லாம் வராது. விற்றவர் அடுத்த வாரம் அங்கே இல்லை. காசு இன்னும் மேஜையில் காகிதத்துக்குப் பாரமாக இருக்கிறது.

- - -

பெயரைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. அந்த 1504 காசை ரூபென்டாலர் என்பார்கள், ‘ரூப’ என்றால் டர்னிப். ஆனால் 1504-ல் டாலர் என்ற பெயரே கிடையாது. பொஹீமியாவில் (இன்றைய செக் நாடு) யோவாகிம்ஸ்தால் ஊரில் 1519, 1520 வாக்கில் அடித்த காசுகளிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. 1486-ல் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் ஹால் ஊரில் அடித்த பெரிய வெள்ளிக்காசுக்குக் குல்டினர் என்று பெயர், ஒரு பொற்காசின் மதிப்புக்கு வெள்ளியிலேயே அடித்தது. இந்தப் பேராயருடையதும் அந்த வரிசைதான்.

- - -

நன்றி சார். டர்னிப் கதையையும் சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் ஊதாரியாகத் திரிந்த பேராயரைப் பார்த்து மாமா ஒரு டர்னிப்பைத் தலைமேல் எறிந்தாராம், அதில்தான் திருந்தினாராம். வழிகாட்டி சொன்ன கதை, நம்புவது உங்கள் விருப்பம். அவர் திருந்திய லட்சணம் இது: 1511-ல் நகர மேயரையும் சபையினரையும் விருந்துக்குக் கூப்பிட்டு, அங்கேயே பிடித்து அடைத்தார். 1481-ல் பேரரசர் நகரத்துக்குக் கொடுத்திருந்த உரிமைகளை விட்டுக்கொடுத்த பிறகுதான் விட்டாராம்.

அப்புறம், அந்தப் பாட்சனை வாங்கவில்லை. விலை கேட்டுவிட்டு மெதுவாக வைத்துவிட்டேன்.