வியோஸ் 2010: பி0171, ஆக்சிஜன் சென்சார் மாற்றியும் எஞ்சின் விளக்கு மறுபடி எரிகிறது

சிப்புட்_வியோஸ்:
வணக்கம். காடி 2010 டொயோட்டா வியோஸ் 1.5 ஆட்டோ, 180,000 கிலோமீட்டர் ஓடியது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறது. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னவில்லை, தொடர்ந்து எரிகிறது. கோளாறுக் குறியீடு, அதாவது கோடு, பி0171. பட்டறையில் அழித்தால் ஓரிரு நாள் சும்மா இருக்கிறது, பிறகு திரும்ப வந்துவிடுகிறது. முன்பக்க ஆக்சிஜன் சென்சார் புதிதாகப் போட்டாச்சு, அப்படியும் அதே கோடு. இப்போது கேட்டலிட்டிக்கை (எக்சாஸ்ட் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நடுங்கும், சூடானதும் சரியாகிவிடும். கேட்டலிட்டிக் வாங்கலாமா?

பழைய_பட்டறை:
வாங்காதீர்கள் தம்பி. கேட்டலிட்டிக் தேய்ந்தால் வரும் கோடு பி0420. உங்களுக்கு வந்திருக்கும் பி0171 சொல்வது வேறு: எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் சேரவில்லை, கம்ப்யூட்டர் தன்னால் முடிந்தவரை கூட்டிக் கொடுத்தும் போதவில்லை. அதைக் கண்டு சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். புது சென்சாரும் அதையே சொல்கிறது என்றால் பழையது பொய் சொல்லவில்லை.

அழித்ததும் உடனே வராததற்கும் காரணம் உண்டு. இந்தக் கோடு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கோளாறு தெரிந்தால்தான் விளக்கை எரிய வைக்கும். அழிக்கும்போது ஃப்ரீஸ் ஃப்ரேமும் (கோளாறு நேரத்தில் பதிந்த அளவுகள்) கற்றுவைத்த ட்ரிம்மும் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் விழுக்காடு) சேர்ந்தே போய்விடும். ஆகவே இனி யாரையும் அழிக்க விடாதீர்கள்.

கோடும் ட்ரிம்மும் படிக்கும் இஎல்எம்327 ப்ளூடூத் கருவி ஒன்று வாங்குங்கள், 40 வெள்ளிக்குள் கிடைக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானதும், ஏர்கான் அணைத்து, ஷார்ட் டேர்ம் ட்ரிம் (அந்தக் கணத்தின் திருத்தம்), லாங் டேர்ம் ட்ரிம் (கற்றுவைத்த திருத்தம்) இரண்டையும் ஐட்லிங்கில் (பெடலை மிதிக்காமல் நின்று ஓடும்போது) ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து ஒருமுறை பாருங்கள். இரண்டையும் கூட்டினால் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஐட்லிங்கில் அதிகமாக இருந்து, ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தால் எங்கோ சென்சார் அளக்காத கள்ளக்காற்று நுழைகிறது. ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரியும். ஐட்லிங்கில் நன்றாக இருந்து, மேடு ஏறும்போது எகிறினால் எம்ஏஎஃப் (உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார்) அழுக்கு, அல்லது பெட்ரோல் அழுத்தம் குறைவு.

லிந்தாங்_ரோடு:
இந்த வயசுக் காடிக்கு பெட்ரோல் பம்ப்தான் போயிருக்கும். அதையும் தொட்டியில் உள்ள ஃபில்டரையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது.

பழைய_பட்டறை:
அளக்காமல் பம்ப் வாங்குவதும் சென்சார் கதைதான் ஐயா. இந்த எஞ்சினுக்கு அழுத்தம் 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது 44–50 பிஎஸ்ஐ. கேஜ் போட்டுக் குறைவாகக் காட்டினால் மாற்றலாம். முதலில் ட்ரிம் வரட்டும்.

சிப்புட்_வியோஸ்:
பார்த்துவிட்டேன் அண்ணே. ஐட்லிங்கில் லாங் +21, ஷார்ட் +6. 2,500-ல் லாங் +5, ஷார்ட் +1. ஐட்லிங்கில் எம்ஏஎஃப் நொடிக்கு 1.7 கிராம் காட்டுகிறது.

பழைய_பட்டறை:
கள்ளக்காற்றுதான், பம்ப் இல்லை. காசு செலவில்லாததில் தொடங்குங்கள். எண்ணெய் மூடி, டிப்ஸ்டிக் இரண்டின் ரப்பரும் இறுக்கமாக இருக்கிறதா? பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) வழியாக அங்கேயும் காற்று இழுக்கும். ஏர் கிளீனர் பெட்டிக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் கிளிப்பையும் பாருங்கள், ஃபில்டர் மாற்றும்போது அது சரியாக உட்காராமல் போவது அடிக்கடி நடக்கும். பிசிவி குழாய் சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் இறுகி, அடிப்பக்கத்தில் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையால் வளைத்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டர் குழாயை ஒரு கணம் நசுக்கினால் ஐட்லிங் மாறுகிறதா என்றும் கவனியுங்கள்.

காலை நடுக்கம் என்கிறீர்களே, அதனால் என் முதல் சந்தேகம் இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) கேஸ்கெட். ரப்பர் இறுகிவிட்டால் குளிரில் சுருங்கி வழிவிடும், சூடானதும் விரிந்து ஓரளவு மூடிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்ட் எஞ்சின் ஹெட்டுடன் சேரும் விளிம்பில் கார்ப் கிளீனரை ஒவ்வொரு சிலிண்டராகச் சிறிது சிறிதாக அடியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் ஷார்ட் ட்ரிம் சட்டென்று கீழே விழும், ஆர்பிஎம்மும் ஆடும். அது தீப்பற்றும் சரக்கு. எக்சாஸ்ட் பக்கமும் ஆல்டர்னேட்டர் பக்கமும் அடிக்கவே கூடாது, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். பயமாக இருந்தால் தண்ணீர் ஸ்ப்ரே போதும், உறிஞ்சும் சத்தம் மாறும். சவர்க்கார நீர் வேண்டாம், உள்ளே இழுக்கும் ஓட்டையில் நுரை எழாது.

கேஸ்கெட்தான் என்றால் ஒரிஜினலே வாங்குங்கள். மேனிஃபோல்ட் பிளாஸ்டிக், ஆகவே நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றுச்சுற்றாக இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் வளைந்து மறுபடி கசியும்.

செம்மண்_தூசி:
இதைப் படிக்கும் தோட்டத்துக்காரர்களுக்கு ஒன்று. செம்மண் சாலையில் ஓடும் காடிகளில் பி0171-க்கு எம்ஏஎஃப் அழுக்கே காரணமாக இருப்பதும் உண்டு. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் போட்டிருந்தால் இன்னும் மோசம், அந்த எண்ணெய் எம்ஏஎஃப் கம்பியில் ஒட்டித் தூசியைப் பிடிக்கும். சாவியை அணைத்து, இரண்டு ஸ்க்ரூ கழற்றி, எம்ஏஎஃப் கிளீனரால் மட்டும் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். கார்ப் கிளீனர், பிரேக் கிளீனர், பஞ்சு எதுவும் அந்தக் கம்பியில் படக்கூடாது. செம்பனை ஓரம் நிறுத்தும் காடிகளில் எலி கடித்த ஒயரையும் தேடுங்கள்.

விளக்கு மின்னி மின்னி எரிந்தால் அது வேறு விஷயம். மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக்கைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிம்மோர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் ஓரம் கட்டுங்கள்.

சிப்புட்_வியோஸ்:
இரண்டாவது சிலிண்டர் கிட்டே அடித்ததும் ட்ரிம் விழுந்தது அண்ணே. கேஸ்கெட் சொல்லியாச்சு. போட்ட பிறகு கோட்டை அழிக்கணுமா?

பழைய_பட்டறை:
இப்போது அழிக்கலாம், பழைய ட்ரிம்மும் போக வேண்டும். பிறகு ஈப்போ போய்வரும் வழக்கமான ஓட்டம் போதும். வீடு திரும்பியதும் விளக்கைப் பார்க்காதீர்கள், கருவியில் பெண்டிங் கோடு (விளக்கு எரியுமுன்னே பதியும் கோடு) பாருங்கள். பி0171 பெண்டிங்கில் இல்லாமல், ஐட்லிங் ட்ரிம் 10-க்குள் நின்றால் வேலை முடிந்தது. 12, 15 என்று காட்டினால் பிசிவி குழாயை மறுபடி வளைத்துப் பாருங்கள். ஒரே வயசு ரப்பர், இரண்டும் சேர்ந்தே இறுகியிருக்கும்.