மறு: ‘டிரக் கோர்ட்’டுக்குத் தமிழ்ச்சொல் – ஒருங்கிணைப்பாளரா, இணைப்பாளரா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க டிரக் கோர்ட்டுகள் (போதைக்கு அடிமையானவர்களைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும் நீதிமன்றங்கள்) எப்படி நடக்கின்றன என்று விளக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். இத்தனை மடல் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் பதில் சொல்லப் பார்க்கிறேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> போதைப்பொருள் நீதிமன்றம் என்று வைத்துவிட்டுப் போங்களேன், இதில் என்ன சிக்கல்?

நம்மூரில் அந்தப் பெயரை வேறொன்று பிடித்துவைத்திருக்கிறது என்பதுதான் சிக்கல். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் வரும் வழக்குகளுக்கென்றே சென்னையிலும் மதுரையிலும் சிறப்பு நீதிமன்றங்கள் உண்டு. ‘கஞ்சா கடத்தியவருக்கு 10 ஆண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம், போதைப்பொருள் தடுப்பு சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பு’ என்கிற மாதிரிச் செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதே பெயரைச் சிகிச்சைக்கு அனுப்பும் நீதிமன்றத்துக்கும் வைத்தால், படிப்பவர் முதல் வரியிலேயே தப்பான கட்டிடத்துக்குள் நுழைந்துவிடுவார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1989-இல் மயாமியில் முதல் டிரக் கோர்ட் தொடங்கியது. கிராக் கொக்கேய்ன் என்ற போதைப்பொருள் பரவிய காலம். சிறைகள் நிரம்பி வழிந்தன. போதைக்காகச் சிறு குற்றம் செய்து உள்ளே போனவர்களே வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் சிறைக்குப் பதில் சிகிச்சை, ஆனால் நீதிபதியின் கண் முன்னால் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் போகும். சொல்லாமல் கொள்ளாமல் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கும். அதே நீதிபதி முன் அடிக்கடி வந்து நிற்க வேண்டும். முடித்தவருக்கு வழக்கு தள்ளுபடியாகும், அல்லது தண்டனை குறையும். முடிக்காதவர் வழக்கமான பாதைக்கே திரும்புவார்.

> போதைமீள் நீதிமன்றம்?

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வினைத்தொகையாகப் படித்தால், போதையிலிருந்து மீள்வது நீதிமன்றம் என்றாகிறது. காலையில் தெளிந்து எழுந்து வரும் நீதிபதி ஒருவர் என் கண்ணில் தெரிகிறார். அவருக்கு அவப்பெயர் வேண்டாம்.

‘போதை மீட்பு நீதிமன்றம்’ பற்றியும் யோசித்தேன். கிணற்றில் விழுந்த மாட்டைத் தீயணைப்புத் துறை மீட்கிறது. அதில் மாட்டுக்கு வேலை ஒன்றும் இல்லை. இங்கே முழு வேலையும் மீள்பவருடையது. அதனால் ‘மீட்சி’. தேவாலய வாசனை கொஞ்சம் வருகிறது என்று ஒருவர் சொன்னார். வரட்டும், ‘மீட்பு’ அளவுக்கு இல்லை. ஆக, ‘போதைமீட்சி நீதிமன்றம்’ என்பது என் முன்மொழிவு. ‘மறுவாழ்வு’ வேண்டாம் என்று நினைக்கிறேன். அது ஏற்கெனவே ஆயிரம் வேலை பார்க்கிறது. 2021-இல் இலங்கை அகதிகள் முகாம்களின் பெயரும் மறுவாழ்வு முகாம் ஆயிற்று.

அடுத்தது, அங்கே சேர்ந்தவரை எப்படி அழைப்பது? நம் காவல் நிலையத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் ‘எதிரி’. முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண் போட்டு எழுதுவார்கள். இந்த நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியாக 1997-இல் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட பத்துக் கூறுகளில் இரண்டாவது என்ன சொல்கிறது தெரியுமா? அரசு வழக்கறிஞரும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் இங்கே மோதிக்கொள்ளக் கூடாது, ஆனால் வந்தவரின் சட்ட உரிமையும் குறையக் கூடாது என்கிறது. எதிர்ப்பே வேண்டாம் என்று வைத்த இடத்தில் ‘எதிரி’யை உட்கார வைக்க முடியாது. ‘பங்கேற்பாளர்’ என்றால் கருத்தரங்கில் டீ குடிப்பவர் நினைவுக்கு வருகிறார். சிங்கப்பூர் நண்பர் தந்த ‘போதைப்புழங்கி’ துல்லியமான சொல்தான், அங்கே செய்தித்தாளில் நிலைத்தும்விட்டது. ஆனால் எட்டு மாதமாக ஒன்றையும் தொடாதவரை அப்படி அழைத்தால் நியாயமா? ‘மீள்பவர்’ போதும்.

சின்னச் சொற்கள் இரண்டு. ‘ஸ்டாஃபிங்’ என்பது ஆள் எடுப்பது அல்ல (என் முதல் வரைவில் ‘பணியாளர் நியமனம்’ என்றே எழுதித் தொலைத்தேன்). நீதிபதி அமர்வதற்கு முன் குழு கூடி, இன்று வருகிறவர்களைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசுவது. ‘கலந்தாய்வு’ என்றால் நம் பிள்ளைகள் பொறியியல் சீட்டு கிடைக்கப்போகிறது என்று நினைப்பார்கள். ‘முன்னமர்வு’ என்கிறேன். அடுத்து ‘சாங்ஷன்’. நமக்கு லோன்தான் சாங்ஷன் ஆகும். அங்கே அதற்கு நேர் எதிர்ப்பொருள். பரிசோதனைக்கு வராமல் இருந்தால் கூடுதல் கூட்டங்கள், சமூகப் பணி, சில சமயம் ஓரிரு நாள் சிறை. தண்டனை என்று எழுதினால் தீர்ப்போடு குழம்பும். ‘கண்டிப்பு’ சரியாக வரும்: வீட்டில் பெரியவர் செய்வது போல, உறவை அறுக்காமல்.

ஒரு சொல்லில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகளைக் கொடுத்து ஓபியாய்டு (ஹெராயின் போன்ற போதைப்பொருள்) அடிமைத்தனத்துக்குச் செய்யும் சிகிச்சையை ‘மாற்றுப் போதைச் சிகிச்சை’ என்று ஒரு பழைய மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அந்த ஒரு சொல் போதும், ஒரு குடும்பம் மருந்தைப் பிடுங்கி எறிய. பல நீதிபதிகளே அப்படி நினைத்து மருந்தை நிறுத்தச் சொன்னதும் ஒரு காரணமாக, மருத்துவர் எழுதித் தந்த இந்த மருந்துகளைத் தடுப்பது ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்கு எதிராகலாம் என்று 2022-இல் அமெரிக்க நீதித்துறை வழிகாட்டுதல் வெளியிட வேண்டி வந்தது. ‘மருந்துவழிச் சிகிச்சை’ என்றே எழுதுவோம்.

இனி உண்மையான தலைவலி: ‘கோஆர்டினேட்டர்’. ஒருங்கிணைப்பாளர் என்று ஏழு பேர் எழுதியிருந்தீர்கள். தேய்ந்த சொல் என்பது ஒரு குறை. தெருவுக்கு ஒரு கட்சி, கட்சிக்கு ஒன்பது ஒருங்கிணைப்பாளர். அதைவிடப் பெரிய குறை, பொருள் தவறுகிறது. இந்த ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பரிசோதனை முடிவு, சிகிச்சைக்கு வந்தாரா இல்லையா என்ற தகவல், நன்னடத்தை அலுவலர் வீட்டில் பார்த்தது, இவற்றையெல்லாம் முன்னமர்வுக்குள் ஒரே தாளில் கொண்டுவருகிறார். தங்க இடம் இல்லாதவருக்கு மீட்சி இல்லத்தில் படுக்கை பிடிக்கிறார். (ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று மேரிலாண்டில் 1975-இல் தொடங்கியது ஒன்று உண்டு. மேற்பார்வையாளரே கிடையாது. வாடகையைப் பகிர்ந்துகொண்டு, யார் வரலாம் என்று உள்ளே இருப்பவர்களே வாக்குப் போட்டு முடிவெடுப்பார்கள். திரும்பக் குடித்தவர் வெளியேற வேண்டும்.) வேலை கிடைத்தவருக்கு நீதிமன்ற நேரமும் வேலை நேரமும் மோதாமல் பார்க்கிறார். நிதி விண்ணப்பமும் அவர் தலையில்தான்.

ஆனால் இவர் எதையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஆலோசகர் அறையில் மீள்பவர் அழுதுகொண்டே சொன்னது நீதிபதி மேசைக்கு வரக் கூடாது. போதைச் சிகிச்சைப் பதிவுகளின் மறைகாப்புக்கென்றே அங்கே தனிக் கூட்டரசு விதி இருக்கிறது. பொதுவாக, எழுத்தில் இசைவு தந்த அளவுக்குத்தான் சிகிச்சை நிலையம் நீதிமன்றத்திடம் வாய் திறக்கலாம். வந்தாரா, முன்னேறுகிறாரா என்பது போகும். என்ன பேசினார் என்பது போகாது. நீதிபதி மருத்துவராகக் கூடாது, மருத்துவர் போலீஸாகக் கூடாது. இடையில் பாலமாக நிற்பதுதான் இந்த ஆளின் வேலை. இலங்கையில் இதற்கு ‘இணைப்பாளர்’ என்பார்கள். இரண்டு கரையும் அப்படியே இருக்க, நடுவில் இணைப்பு. அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோமா?

— சென்னையிலிருந்து

* * *

தம்பிக்கு வணக்கம்.

‘இணைப்பாளர்’ எங்கள் சொல் என்பதால் மகிழ்ச்சி. ஆனாலும் ஒரு தடை போடுகிறேன். நீங்கள் சொன்ன அந்தப் பத்துக் கூறுகளில் முதலாவதை மறந்துவிட்டீர்கள். சிகிச்சையையும் வழக்கு நடவடிக்கையையும் இந்த நீதிமன்றம் ‘இன்டகிரேட்’ செய்கிறது என்றுதானே அது தொடங்குகிறது? அப்படியானால் ஒருங்கிணைப்புத்தான் அவர்களுடைய முதற்கொள்கை. நீங்கள் கலக்கக் கூடாது என்கிறீர்கள், அவர்கள் கலக்கிறோம் என்கிறார்கள்.

நான் ரொறன்ரோவில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். இங்கேயும் 1998 டிசம்பரில் இருந்து இப்படியொரு நீதிமன்றம் நடக்கிறது. அதனால் காதில் விழுவதைச் சொல்கிறேன். ‘மறுவாழ்வு’ வேண்டாம் என்றது சரி. எங்கள் பக்கத்துச் சொல்லான ‘புனர்வாழ்வு’ அதைவிட வேண்டாம். 2009-க்குப் பிறகு முன்னாள் போராளிகள் போன இடத்துக்கும் அதுதான் பெயர், போதைக்கு அடிமையானவர்களைக் கொண்டுபோகும் இலங்கையின் கந்தகாடு நிலையத்துக்கும் அதுதான் பெயர். ஒரு தாயிடம் ‘உங்கள் மகனைப் புனர்வாழ்வுக்கு அனுப்புகிறார்கள்’ என்று சொன்னால், அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

‘பியர் சப்போர்ட்’ பற்றி நீங்கள் எழுதவே இல்லை. தான் போதையிலிருந்து மீண்டு, இப்போது இன்னொருவர் கூடவே போய்வருகிறவர். எங்கள் ஆட்களிடம் இதை ஒலிபெயர்த்துச் சொல்லிப் பாருங்கள்: குடியை விட வந்தவனுக்குப் பியர் வாங்கிக் கொடுத்து ஆதரவு தருகிறார்களாம் என்றுதான் விளங்கும். நல்ல தமிழில் ஏற்கெனவே ‘வழித்துணை’ இருக்கிறது. அந்த வழியில் முன்பு நடந்தவர் என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. புதிதாக ஏன் சொல் தேட வேண்டும்?

இன்னொன்று. திரும்பவும் போதைக்குள் போவதை மருத்துவக் குறிப்புகளில் சிலர் ‘நோய் மீள்வு’ என்று எழுதுகிறார்கள். நீங்கள் நோயாளியை ‘மீள்பவர்’ என்கிறீர்கள். ஒரே பக்கத்தில் நோயும் மீள்கிறது, ஆளும் மீள்கிறார். யார் எங்கே போகிறார் என்று வாசகர் தேட வேண்டி வரும்.

— ரொறன்ரோவிலிருந்து

* * *

அக்கா,

முதல் கூறைச் சொல்லி நன்றாகக் குட்டிவிட்டீர்கள். இரவு முழுக்க அதையே புரட்டினேன். இப்படிப் பிரித்தால் சரியாக வருகிறதா பாருங்கள்: ஒருங்கிணைவது நடைமுறை. சிகிச்சை நாளும் வழக்கு நாளும் தனித்தனியாக ஓடாமல் ஒரே ஏற்பாட்டில் வருவதை ‘ஒருங்கிணைப்பு’ என்றே எழுதலாம். ஆள் மட்டும் ‘இணைப்பாளர்’. ஏற்பாடு ஒன்று, அதற்குள் இருப்பவர்களின் பொறுப்பு வேறு வேறு. கையேட்டின் மூன்றாம் இயலில் இரண்டு சொல்லையும் அடுத்தடுத்த வரியில் வைத்துப் பார்த்தேன், இடிக்கவில்லை.

‘வழித்துணை’ ஏற்கப்பட்டது, மறுபேச்சே இல்லை. மீட்சிக்கான உதவிகள் மொத்தத்துக்கும் ‘மீட்சித்துணை’, அதைச் செய்யும் மீண்டவர் ‘வழித்துணைவர்’.

‘மீள்வு’ குழப்பத்துக்கு என் தீர்வு: ஒருமுறை தவறிக் குடிப்பது ‘சறுக்கல்’, பழைய நிலைக்கே போய்விடுவது ‘மறுவீழ்ச்சி’. இரண்டையும் பிரிப்பது முக்கியம், ஏனென்றால் நல்ல நீதிமன்றம் சறுக்கலுக்கு உடனே ஆளை வெளியே தள்ளுவதில்லை, சிகிச்சையைத்தான் மாற்றிப் பார்க்கிறது. பரிசோதனை முடிவுக்கு ‘சுத்தம்’, ‘அழுக்கு’ என்ற பேச்சே வேண்டாம். கொரோனா புண்ணியத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் பாட்டிக்கும் தெரியும், அப்படியே விட்டுவிடுகிறேன்.

இன்னும் முடியாதது ‘கிராஜுவேஷன்’. கடைசி நாளில் நீதிபதி கீழே இறங்கி வந்து கைகொடுப்பார், மொத்த அறையும் கைதட்டும், சான்றிதழ் தருவார்கள். ‘பட்டமளிப்பு’ என்றால் கறுப்பு அங்கி நினைவுக்கு வருகிறது. ‘நிறைவு விழா’ கொஞ்சம் ஆண்டு விழா மாதிரி இருக்கிறது. ‘கரையேற்றம்’ என்று ஒன்று தோன்றியது, ஆனால் இதுவும் ஒருவர் ஏற்றிவிடுவது போல ஆகிவிடுமோ? ‘கரையேறல்’ என்றால்? வெள்ளிக்கிழமை கோப்பு அச்சுக்குப் போகிறது. வியாழன் இரவுக்குள் யாராவது ஒரு சொல் தாருங்கள்.

— சென்னையிலிருந்து