ஆங்கில லைக் (like), ஆஸ் (as): தமிழில் 'போல' வருமிடத்தில் எதைப் போடச் சொல்வது?

ஏழாம், எட்டாம் வகுப்புக்கு ஒரு பயிற்சித்தாள் தயாராகிறது. உதவி தேவை, நண்பர்களே.

இதுவரை எழுதிய விதி: 'ஐ' உருபோடு 'போல' வந்தால் (அப்பாவைப் போல) லைக். வினையோடு வந்தால் (நான் சொன்னது போல, சொன்னபடி) ஆஸ். வேலையோ பொறுப்போ குறிக்கும் 'ஆக' வந்தாலும் ஆஸ். 'ஒர்க்ஸ் ஆஸ் எ டீச்சர்' என்றால் அவர் ஆசிரியரேதான். 'டாக்ஸ் லைக் எ டீச்சர்' என்றால் பேச்சு மட்டும் அப்படி.

சிக்கல் இரண்டு இடத்தில். 'சென்னையில் போல இங்கேயும்' என்பதில் வினையே இல்லை, ஆனாலும் 'ஆஸ் இன் சென்னை'தான். 'அழகாகப் பாடினாள்' என்பதிலும் 'ஆக' இருப்பதால் பிள்ளைகள் ஆஸ் போட்டுவிடுகிறார்கள்.

பேச்சில் 'லைக் ஐ செட்' சகஜம் என்பது தெரிந்ததே. 1954-ல் அமெரிக்காவில் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் அப்படி லைக் போட்டதற்கே இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள்! தேர்வுத்தாளில் ஆஸ்தான் பாதுகாப்பு.

இந்த விதிக்கு அடங்காத வேறு தமிழ் வாக்கியங்கள் இருந்தால், ஆங்கில வடிவத்தோடு கமெண்ட்டில் போடுங்கள். 'ஆஸ் இஃப்' வேண்டாம், அதற்குத் தனித்தாள் இருக்கிறது.