கோடைகால நேர மாற்றத்துக்காக நியூயார்க் சர்வரின் கடிகாரத்தைக் கையால் மாற்றலாமா?

கேள்வி (இரவுப்பணி):
வணக்கம். நியூயார்க்கில் உள்ள மூன்று லினக்ஸ் சர்வர்களைச் சென்னையிலிருந்து கவனித்து வருகிறேன். 2026 மார்ச் 8 அன்று அங்கே அதிகாலை 2 மணி 3 மணியாக மாறவிருந்ததால், நம் நேரப்படி ஞாயிறு காலையிலேயே என்டிபியை (வலையமைப்பு வழியே கடிகாரத்தைத் தானாகச் சரிசெய்யும் சேவை) நிறுத்திவிட்டு, மூன்றிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தேன். பிறகு பார்த்தால், இரண்டு சர்வர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாகக் காட்டின, அவற்றில் 2.30க்கு ஓட வேண்டிய பேக்கப்பும் ஓடவில்லை. மூன்றாவது சரியான நேரத்தையே காட்டியது. ஆனாலும் அதிலும் யாராலும் உள்நுழைய முடியவில்லை. எங்கே பிழை நேர்ந்தது?

பதில் (பழைய நிர்வாகி):
நண்பரே, அந்த மூன்றாவது சர்வரில்தான் விடை இருக்கிறது. லினக்ஸ் உள்ளே கணக்கிடுவது 1970 ஜனவரி 1 முதலான விநாடிகளை, அதுவும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில்; நேர மண்டலக் கோப்பு அதை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே. கோடைகால மாற்றத்தில் மாறுவது அந்தக் காட்டும் முறை மட்டும்தான். நீங்களோ அடிப்படை எண்ணையே மாற்றிவிட்டீர்கள். மூன்றாவதில் மண்டலம் 'ஈஎஸ்டி' (கோடைகால மாற்றம் இல்லாத கிழக்கு அமெரிக்க நேரம்) என்று இருக்கக்கூடும். அது ஆண்டு முழுவதும் யுடிசிக்கு 5 மணி நேரம் பின்தங்கியே நிற்கும் என்பதால், இரண்டு தவறுகள் சேர்ந்து சரியான நேரம்போல் தோன்றியிருக்கிறது. உள்நுழைவுக்கு கெர்பெரோஸ் எனும் அடையாளச் சரிபார்ப்பு முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது வழக்கமாகக் கணினிகளின் கடிகாரங்களுக்கிடையே 5 நிமிட வித்தியாசத்தை மட்டுமே பொறுக்கும். மண்டலத்தை 'அமெரிக்கா/நியூயார்க்' என வைத்து என்டிபியை மீண்டும் இயக்குங்கள். கடிகாரத்தை இனி எந்தப் பருவத்திலும் தொடாதீர்கள்.

பதில் (தரவுக்காப்பாளர்):
பேக்கப் ஓடாததற்குக் காரணம் வேறு: அன்று அங்கே 2.30 என்ற நேரமே இல்லை. டெபியன் எனும் லினக்ஸ் வகையின் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) இப்படி விடுபட்ட வேலையைச் சற்றுப் பின்னர் ஓட்டிவிடும் என்றாலும், எல்லாக் கிரான்களும் அப்படிச் செய்வதில்லை. கோடைகால நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே செல்லும் நவம்பர் 1 அன்று 1.30 இரண்டு முறை வரும். பணம் சம்பந்தப்பட்ட வேலை அப்போது இருமுறை ஓடினால் பெருந்தொல்லை. ஆகவே இத்தகைய வேலைகளை யுடிசியில் திட்டமிடுவதையே நான் வலியுறுத்துவேன்.

பதில் (நேரக்கணக்கன்):
நேர மண்டலத் தரவையும் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். என்டிபி யுடிசியை மட்டுமே தரும், மண்டல விதிகளைத் தராது. அமெரிக்கா 2005இல் இயற்றிய சட்டத்தால் 2007 முதல் கோடைகால நேரத்தின் தொடக்க நாள் ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கு நகர்ந்தபோது, பழைய தரவு வைத்திருந்த கணினிகள் மூன்று வாரம் ஒரு மணி நேரம் பின்தங்கின. 2023இல் லெபனான் அரசு சில நாள் அவகாசத்தில் மாற்றத்தைத் தள்ளிவைத்து, பிறகு அதையும் திரும்பப் பெற்றது.

கேட்டவர் (இரவுப்பணி):
மிக்க நன்றி. மூன்றாவதில் 'ஈஎஸ்டி' என்றுதான் இருந்தது. மண்டலத்தைத் திருத்தி என்டிபியை இயக்கிய பின் மூன்றிலும் உள்நுழைய முடிகிறது. பேக்கப்பை யுடிசி 7.30க்கு மாற்றியிருக்கிறேன், அந்த ஒரு மணி நேரத்துப் பிழையான பதிவுகளைத் தனியே குறித்துவைத்து வருகிறேன்.