மறு: கால்வாய் லாக்குக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள எல்லோருக்கும்,

கால்வாயில் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் 'லாக்' என்ற அமைப்புக்குத் தமிழில் நான் ஒரு சொல்தான் கேட்டேன். வந்த மடல்களையெல்லாம் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன், மிக்க நன்றி. எங்கள் தமிழ் வகுப்புத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை பிள்ளைகளை லண்டனிலுள்ள கேம்டனுக்குக் கூட்டிப் போகிறோம். அதனால் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

'நீர்ப்பூட்டு' சட்டென்று புரியும் என்கிறார் கோவை நண்பர். புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. போன வாரம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். உடனே ஒரு பிள்ளை, "டீச்சர், அந்தப் பூட்டுக்குத் திறப்பு ஆரிட்ட இருக்கு?" என்று கேட்டாள். (எங்கள் பக்கம் சாவிக்குத் திறப்பு என்று பெயர்.) அங்கே எதுவும் பூட்டப்படவில்லை. ஆங்கிலச் சொல்லுக்கே பழைய பொருள் அடைப்பு என்பதுதான். வீட்டுப் பூட்டை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

தஞ்சாவூர் ஐயா 'மதகு' போதும் என்கிறார். சிலப்பதிகாரக் கானல்வரியின் 'மதகோதை'யில் (மதகு நீரின் ஓசை) தொடங்கிப் புதவு, மடை, தூம்பு, கலிங்கு என்று நீர்வழிகளின் பழைய பெயர்களை அடுக்கி அவர் எழுதிய நீண்ட மடலை இரண்டு முறை படித்தேன். ஆனால் ஐயா, லாக்குக்குள்ளேயே ஒரு மதகு இருக்கிறதே!

போன கோடையில் குடும்பமாக ஒரு நேரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு) எடுத்துக்கொண்டு, லண்டனுக்கு வடமேற்கே உள்ள கௌரோஸ்ட்டிலிருந்து லண்டன் பாடிங்டன் வரை கிராண்ட் யூனியன் கால்வாயில் வந்தோம். லண்டனின் மேற்கு ஓரத்துக் கௌலி வரைக்கும் நாற்பதுக்கு மேல் லாக்குகள். ஒவ்வொன்றிலும் இதே வேலைதான். படகை உள்ளே விட்டுப் பின்கதவைச் சாத்த வேண்டும். முன்கதவுப் பக்கம் போய், வளைந்த இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் கடகடவென்று ஒரு பலகை மேலே ஏறும், தண்ணீர் கீழ்ப்பக்கம் பாயும். அந்தப் பலகைதான் ஐயா சொல்லும் மதகு. படகு சத்தமில்லாமல் இறங்கும். பாசி பிடித்த சுவர் ஈரம் சொட்டச் சொட்ட உயர்ந்துகொண்டே வரும். கரையில் நின்ற என் மகளின் செருப்பு என் தலைக்கு மேலே போய்விட்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் சமமான பிறகுதான் முன்கதவு அசையும், அதற்கு முன் எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது.

ஆக, இரண்டு பக்கம் கதவு, கதவில் மதகு, நடுவில் படகு நிற்கும் தொட்டி. தொட்டிக்குத்தான் பெயர் வேண்டும். 'புதவு' என்பதைக் கதவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஐயாவுக்கு மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். படகு உள்ளே வந்த மேல்கதவின் அடியில் ஒரு வரம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இறங்கும்போது படகின் பின்புறம் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் முன்புறம் மட்டும் தாழ்ந்து படகே மூழ்கலாம். அதற்குத்தான் கரையில் வெள்ளைக்கோடு போட்டிருக்கிறார்கள். இந்த வரம்புக்கு மதுரை அக்கா கொடுத்த 'நிலைப்படி' அருமை. இந்த விவாதத்தில் யாருமே சண்டை போடாத சொல் அது ஒன்றுதான்.

சென்னை அண்ணா 'லாக்' என்றே விடச் சொல்கிறார். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் லாக் நகர் என்று ஊர்ப்பெயரே இருப்பதைக் காட்டுகிறார். அது வலுவான சான்று, மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலச் சொல் ஏற்கெனவே தெரியும். தமிழ் வகுப்புக்கு வந்தும் அதையே கேட்டுவிட்டுப் போவதா?

அவர்கள் வசிக்கும் அல்பர்ட்டனில் வீடுகளுக்குப் பின்னாலேயே இந்தக் கால்வாய் ஓடுகிறது. ஆனால் கௌலியைத் தாண்டினால் கேம்டன் வரைக்கும் ஒரே மட்டத் தண்ணீர், ஒரு லாக்கும் கிடையாது. வயலும் வாத்துமாக இருந்த கரை, கிடங்குச் சுவரும் ரயில் பாலமுமாக மாறிக்கொண்டே வரும், படகு மட்டும் ஒரு படிகூட இறங்காது. கேம்டனில்தான் மூன்று லாக்குகள் அடுத்தடுத்து வரும். தண்ணீர் படியிறங்குவதைப் பிள்ளைகள் முதல்முறை பார்க்கப்போவது அங்கேதான்.

அதனால் தாளில் 'படகுத்தொட்டி' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'லாக்' இருக்கும். மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி நினைவுக்கு வருகிறது என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். வரட்டும், இரண்டிலும் தண்ணீர் ஏறி இறங்குகிறது.

நேரோபோட்டுக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. ஏழடிதான் அகலம், நீளமோ எழுபது அடி வரைக்கும் போகும். 'ஒடுக்கப்படகு' என்றால் ஒடுக்கப்பட்டவர்களின் படகு மாதிரி ஒலிக்கிறது. பிள்ளைகள் 'நீட்டுப் படகு' என்கிறார்கள். வியாழன் இரவுக்குள் இதைவிட நல்லது வராவிட்டால் அதுதான் தாளில் இருக்கும்.

அன்புடன்,
வெம்பிளியிலிருந்து