வேலை செய்யும் கையில் வெடிப்பு: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டைல்ஸ் வேலை: கட்டைவிரல் நுனியில் வெடிப்பு விழுந்தால் சட்டைப் பட்டன் போடுவதே பெரும்பாடு. எங்கள் தொழிலில் இது சர்வசாதாரணம். ஈரச் சிமெண்டின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 12, 13 வரை போகும். தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தக் காரம் மேல்தோலை அரித்து எண்ணெய்ப்பசையையும் எடுத்துவிடும். உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது என்பதால், போன பசையை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

நான் போடுவது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை. வியர்வையில் பருத்தி நனைந்ததும் மாற்றிவிடுவேன். கையுறைக்குள் கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவிவிடுங்கள். வெறுங்கையில் பட்டதாவது வழிந்து போகும். உள்ளே மாட்டிக்கொண்டது தோலோடு ஒட்டியே கிடக்கும்.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றியெடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே கிரீம். எந்த கிரீம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது தடவுகிறோம் என்பதே பாதி வைத்தியம். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைக்கும், பெட்ரோலியம் ஜெல்லி அது ஆவியாகாமல் மூடும். காய்ந்து போன கையில் ஜெல்லியை மட்டும் அப்பினால் மூடி வைக்க உள்ளே ஈரம் வேண்டாமா? தண்ணியாக ஓடும் லோஷன் எனக்குச் சரிப்படவில்லை, டப்பாவில் வரும் கெட்டியான கிரீம்தான். ராத்திரி அதன்மேல் ஜெல்லி தடவி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்குவேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

மெக்கானிக்: கிரீஸ் போக பெட்ரோலிலும் தின்னரிலும் கை கழுவுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அழுக்கோடு தோலின் கொழுப்பும் போய்விடும். அதற்குப் பதில் முதலில் எண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டுப் பாருங்கள். கிரீஸ் எண்ணெயோடே வந்துவிடும். வேலைக்கு முன் சோப்புக் கட்டியை நகத்தால் சுரண்டி வைத்துக்கொண்டால் நகத்துக்கடியில் கறுப்பு ஏறாது. சொரசொரப்பான தூள் கலந்த ஹேண்ட் கிளீனர் நல்லதுதான், வெடிப்பு இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

பேக்கிங்: தண்ணீரும் படாது, ரசாயனமும் படாது, ஆனாலும் எங்கள் கை காயும். அட்டைப்பெட்டி உரசி உரசி விரலின் பசையை உறிஞ்சிவிடும். உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை போட்டதிலிருந்து பரவாயில்லை.

தோட்ட வேலை: நகத்தோரம் உரியும் தோலைப் பல்லால் கடித்து இழுக்காதீர்கள். சுத்தமான நகவெட்டியால் அடியோடு நறுக்கினால் போதும். நகத்தின் வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டவே கூடாது. கிருமி உள்ளே போகாமல் அடைத்திருப்பதே அதுதான். அது போனால் நகச்சுற்றுக்கு வழி திறந்த மாதிரி. கையில் மிஞ்சும் கிரீமை அந்த இடத்தில் தேய்த்துவிடுகிறேன். அண்ணே, வறண்ட தோலுக்கு விற்கும் யூரியா கிரீம் தடவினால் எரிகிறதே, விட்டுவிடலாமா?

டைல்ஸ் வேலை: திறந்த வெடிப்பில் எரியத்தான் செய்யும் தம்பி. பிளவு மூடும்வரை ஜெல்லி தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டுங்கள். மூடிய பிறகு 10 சதவீத யூரியா போதும். சூப்பர் க்ளூ விட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. கடையில் விற்கும் பசை காயத்துக்காகச் செய்ததல்ல, நான் தொடுவதில்லை.

இன்னொன்று. கூட வேலை பார்த்த ஒருவருக்கு எந்த கிரீமும் கேட்கவில்லை. புறங்கை வரை அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளங்கள். தோல் மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டிச் சோதித்ததில் சிமெண்டிலுள்ள குரோமியம் அவருக்கு ஒவ்வாமை என்று தெரிந்தது. அப்படி இருந்தால் கிரீமை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, அந்தப் பொருளையே தவிர்க்க வேண்டும். இப்போது அவர் அளவெடுப்பதும் டைல்ஸ் வெட்டுவதும்தான், கலவைப் பக்கம் போவதில்லை.